ஒன்றரை மணி அறிவிப்பு

ஒரு காலத்தில் நாலு கிலோமீட்டர் தள்ளி யாருக்காவது விக்கல் எடுத்தால்கூடக் கேட்டுவிடும் காது அது. இன்றைக்கு அந்தக் காதுக்குள் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கருவியைச் செருகிவிட்டு, "இப்போ கேக்குதா சார்?" என்று கேட்டாள் காதுக் கருவிக் கடைப் பெண்.

"கேக்குதும்மா. கத்தாத" என்றார் அவர்.

"நான் கத்தவே இல்ல சார். மெதுவாத்தான் பேசறேன்."

அவர் அசடு வழிந்தார். நாலைந்து வருடமாக ஊரே தன்னிடம் வேண்டுமென்று முணுமுணுக்கிறது என்று நினைத்துக் கோபித்துக்கொண்டிருந்த மனிதர். இப்போது கடைச் சுவரில் கடிகாரம் ஓடுவது கேட்டது. வாசலில் யாரோ குடையை உதறுவது கேட்டது. தன் சட்டைக் காலர் கழுத்தில் உரசுவதுகூடக் கேட்டது. பழைய சிநேகிதர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் நுழைவதுபோல இருந்தது. கண் கலங்கியதை மறைக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தப் பெண் அவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பார்த்தாள். வயது அறுபத்தேழு. தொழில் என்ற இடத்தில் 'ஓய்வு' என்று எழுதியிருந்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி படிவத்தைப் பார்த்தாள்.

"சார், நீங்க காதண்ணன்தானே?"

அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. பத்திரிகைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'செவிச் சக்கரவர்த்தி'. அது ஊரின் வாயில் நுழையவில்லை. ஊர் காதண்ணன் என்றே கூப்பிட்டது. சூப்பர் ஹீரோ என்றால் பறப்பான், மலையைப் புரட்டுவான் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் அவரைப் பார்த்து ஏமாந்துதான் போவார்கள். ஒரு மாடி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். கேட்க மட்டும் முடியும். அவ்வளவுதான் அவருடைய வித்தை.

பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் ஒரு அறை. நாலு பக்கமும் ஜன்னல், நடுவில் ஒரு இரும்பு நாற்காலி, கையெட்டும் தூரத்தில் ஒரு மைக். அதில் உட்கார்ந்துகொண்டு ஊர் முழுவதையும் கேட்பார். "மேற்கால, பழைய மில்லுக்குப் பின்னாடி, கிணத்துக்குள்ள ஒரு ஆள். இன்னும் ரெண்டு நிமிஷம்தான் தாங்குவான்" என்பார் மைக்கில். அவரோடு வேலை பார்த்த 'றெக்கை' பறந்து போவான். பாரம் நகர்த்த வேண்டியிருந்தால் 'கிரேன் அக்கா' போவாள். போட்டோவில் அவர்கள் வருவார்கள். கேட்டுச் சொன்னவர் நாற்காலியிலேயே இருப்பார்.

"சின்ன வயசுல பஸ் ஸ்டாண்டுல தினம் உங்களைப் பத்திக் கேப்பேன் சார்" என்றாள் அந்தப் பெண், வேலையை மறந்து. "ஸ்கூல் பஸ் மாறுறதுக்கு அங்கதான் நிப்போம். கரெக்டா மத்தியானம் ஒன்றரைக்கு, பஸ் பேரெல்லாம் சொல்லி முடிச்சதும், அந்த அறிவிப்பு அக்கா மைக்ல கேப்பாங்களே, 'காதுக்காரரே, சாப்பிட்டாச்சா?'ன்னு! உடனே ஏதாவது ஒரு பஸ் ரெண்டு தடவை ஹாரன் அடிக்கும். சாப்பிட்டாச்சாம்! நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம்."

அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார்.

"எங்கப்பா வீட்டுல அம்மாகிட்ட சொல்லிக் காட்டுவாரு சார், 'அந்த அம்மா மாதிரி ஒரு நாளாவது என்னைக் கேட்டிருக்கியா'ன்னு. எங்கம்மா விடுவாங்களா? 'அவரு சாப்பிட்டாரா இல்லையான்னு தெரியாது, அதனால கேக்கறாங்க. நீங்க சாப்பிடறதைத்தான் தெருவே பார்க்குதே'ன்னு."

"யாரு கேட்டாங்க?" என்றார் அவர்.

"என்ன சார், என்கிட்டயே காதுல பூ சுத்தறீங்க! உங்களுக்கா கேட்டிருக்காது?"

"எத்தனை நாள் கேட்டாங்க?"

"நாளா! நான் ஒண்ணாவது படிக்கும்போதும் கேட்டாங்க. கல்யாணமாகி என் பொண்ணைத் தூக்கிட்டு ஊசி போடப் போகும்போதும் கேட்டாங்க. அவங்க ரிட்டயர் ஆனப்புறம்தான் நின்னுது. இப்போ மெஷின்தானே பேசுது."

அவர் எழுந்துகொண்டார். கருவியை எப்படிக் கழற்றுவது, எப்படித் துடைப்பது என்று அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். ஒன்றும் மனதில் ஏறவில்லை.

வெளியே வந்து, கடைக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்தார். போகிற வருகிற சத்தமெல்லாம் புதிதாகக் கேட்டது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தது அவற்றை அல்ல.

அப்போது அவருக்கு முப்பது வயது. பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த அவளுக்கு இருபத்தாறு. கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு அறை, ஒரு மைக், ஒரு சுவிட்ச். பஸ் வரும் நேரம், போகும் நேரம், எந்த நடைமேடை, இதைச் சொல்வது அவள் வேலை. வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், சுவிட்சை அணைக்க மறந்துவிடுவாள். ஒருநாள் ஐந்தாம் நடைமேடை பஸ்ஸை அறிவித்துவிட்டு, மைக் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல், "இந்த மேனேஜர் மூஞ்சியைப் பார்த்தா நிக்கற பஸ்ஸும் ரிவர்ஸ்ல போயிடும்" என்றாள். பஸ் நிலையம் மொத்தமும் கேட்டது. மேனேஜரும்தான்.

பன்னிரண்டாவது மாடியில் இரும்பு நாற்காலியில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். டெலிபோனை எடுத்து அவள் அறைக்கு அடித்தார்.

"மைக் ஆன்ல இருக்கு" என்றார்.

"ஐயையோ! நீங்க யாரு?"

"மேல இருந்து கேக்கறவன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. வேலை முடிந்து அவர் கீழே இறங்கி வருவார், பஸ் நிலையத்து டீக்கடையில் இரண்டு பேரும் நின்றுகொண்டே டீ குடிப்பார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் "வணக்கம் காதண்ணே!" என்பான். நாலாவது வாரம் அவள் டீ கிளாஸை வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் நீங்க அண்ணனா இருந்துட்டுப் போங்க. எனக்கு மட்டும் இல்ல. சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டதெல்லாம் 'காதுக்காரரே' என்றுதான்.

அவர் நாற்காலியில் இருக்கும் நேரத்தில் அவள் தன் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவாள். மூன்று கிலோமீட்டர் தூரம். "நீங்க பதில் சொல்ல வேண்டாம். சும்மா கேளுங்க, போதும்" என்று தொடங்கி, அன்றைக்கு எந்த டிரைவர் யாரோடு சண்டை போட்டான், எந்தக் கிழவி தப்பான பஸ்ஸில் ஏறி எங்கே போய் இறங்கினாள், எல்லாவற்றையும் சொல்வாள். குழாயில் தண்ணீர் விழும், தட்டுகள் மோதும், நடுவில் அவள் குரல் வரும். இப்படிக் காதலித்தவர்கள் உலகத்திலேயே அவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். கேட்கிறபோதெல்லாம் தனக்கு இந்தக் காது ஏன் வாய்த்தது என்று அவருக்குப் புரிந்ததுபோல இருக்கும்.

அந்தக் காதுதான் ஒருநாள் அவர் காலை வாரியது.

கிழக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் சுவர் சரிந்து விழுந்தது. ஒரு கொத்தனார் அடியில் மாட்டிக்கொண்டார். கையில் இருந்த கரண்டியின் பிடியால் செங்கல்லைத் தட்டிக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிடம். டக், டக், டக் என்று, உயிர் போகும்வரை. அந்த நாற்பது நிமிடமும் காதண்ணன் நாற்காலியில்தான் இருந்தார். அவள், தன் தங்கை பூனையைக் குளிப்பாட்டப் போய்ப் பூனை தங்கையைக் குளிப்பாட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஊர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாச் சத்தமும் எல்லா நேரமும் கேட்குமா என்று சமாதானம்தான் சொன்னது. ஆனால் அவருக்குத் தெரியும். கிரேன் அக்காவுக்கும் தெரியும். இடிபாட்டை நகர்த்தியவள் அவள்தான். "கரண்டியைக் கையில பிடிச்சபடியே இருந்தாருடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கிரேன் அக்காவிடம் போய் இதைப் பேச முடியாது. அவள் தன் தங்கை குழந்தையைக்கூடத் தூக்கியதில்லை. எலும்பு நொறுங்கிவிடும் என்ற பயத்தில் மடியில் கிடத்தச் சொல்லி, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பாள். றெக்கை கல்யாணம் செய்து பார்த்தான். கூரைக்குக் கீழே அவனுக்குத் தூக்கம் வராது. அவன் மனைவியும் இரண்டு வருடம் மொட்டைமாடியில் படுக்கை போட்டுப் பார்த்துவிட்டு, இடுப்பு வலி தாங்காமல் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரைக் காப்பாற்றுகிறவர்கள் வீட்டில் இப்படித்தான் இருந்தது.

அவரிடம் ஒரு வழி இருந்தது. அதற்கு 'அடைப்பது' என்று பெயர் வைத்திருந்தார். காது திறந்த புதிதில் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதே அவருக்கு இடி மாதிரி கேட்டது. விடாமல் அதையே கேட்டார். இருபது நாள், இருபத்தைந்து நாள் கேட்டதும் காது சலித்துப்போய் அந்தச் சத்தத்தைக் கைவிட்டுவிட்டது. அதே மாதிரி மின்விசிறியை அடைத்தார், புறாக்களை அடைத்தார். ஒருதரம் அடைத்தால் அடைத்ததுதான். திரும்ப வராது.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். மூன்றாம் நாள் டீக்கடையில் சொன்னார்.

"என் குரலை மட்டும் அடைச்சாப் போதுமா?" என்றாள் அவள். "நாளைக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டு ஒரே வீட்டுல இருந்தா, என் வளையல் சத்தம், தும்மல், புரண்டு படுக்கற சத்தம், அதுக்கெல்லாம் உங்க காது போகாதா?"

"போகும்."

"அப்போ அதையும் அடைக்கணும். ஒண்ணொண்ணா எல்லாத்தையும் அடைச்சுட்டா அப்புறம் என்ன மிச்சம்?" கிளாஸின் விளிம்பை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தாள். "குரலை எடுத்துக்கோங்க. நான் தள்ளியே இருந்துக்கறேன். செருப்புச் சத்தத்தையாவது விட்டு வைங்க."

அவள் நடக்கும்போது இடது கால் செருப்பு லேசாகத் தரையில் தேயும். அதைச் சொன்னாள்.

மறுநாள் மதியம் அவள் அறையில் டேப் ரெகார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "என்ன பேசட்டும்?" என்றாள்.

"எது வேணா. ஆனா உன் குரல் எல்லா விதத்துலயும் வரணும். சிரிப்பு, கோபம், ரகசியம், கொட்டாவி. ஒண்ணு விட்டுப்போனாலும் அது வழியா உள்ள வந்துடும்."

அவள் எதிரே தொங்கிய பஸ் கால அட்டவணையை எடுத்தாள். அதையே கோபமாகப் படித்தாள். ரகசியமாகப் படித்தாள். மேனேஜர் மாதிரி படித்து அவளே சிரித்தாள். அவளுக்குத் தெரிந்த பாட்டின் மெட்டில் நாலு பத்து பஸ்ஸையும் நாலரை பஸ்ஸையும் இழுத்து இழுத்துப் பாடினாள். கடைசிப் பக்கத்தில் குரல் உடைந்தது. அழுதுகொண்டே கடைசி பஸ் வரைக்கும் படித்து முடித்தாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, பொத்தானை அமுக்கி நிறுத்தி, "அழுகை வேணும்ல? அதுவும் சேர்ந்துடுச்சு" என்றாள்.

இருபத்தாறு நாள் அந்தக் கேசட்டைக் கேட்டார். குரல் நூலாக மெலிந்துகொண்டே வந்தது. இருபத்தாறாம் நாள் நாலு பத்து பஸ்ஸோடு அது போய்விட்டது. நாற்காலி கிரீச்சிடுவதும் பக்கம் புரளுவதும் மட்டும் கேட்டன. மறுநாள் காலை பஸ் நிலையத்துக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவள் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. அவர் தலையை இல்லையென்று ஆட்டினார். அவள் நல்ல பிள்ளையாகச் சிரித்துவிட்டுக் கையை உயர்த்திக் காட்டினாள். அதன்பிறகு அவர்கள் நேருக்கு நேர் நின்றதில்லை.

ஊருக்குத் தெரியாத ஒரு வேடிக்கை உண்டு. ஊரையே கேட்கிற மனிதருக்குப் பஸ் அறிவிப்பு கேட்காது. வெளியூர் போக வேண்டியிருந்தால் மூன்றாம் நடைமேடையில் நின்றுகொண்டு, கண்முன்னே ஏழாம் நடைமேடையிலிருந்து பஸ் புறப்பட்டுப் போவதைப் பார்ப்பார். காதண்ணனே பஸ்ஸைத் தவறவிடுகிறாரே, பெரிய மனிதருக்கு ஆயிரம் யோசனை என்று ஜனங்கள் பேசிக்கொள்வார்கள்.

அவருக்கு மிச்சமிருந்தது செருப்புச் சத்தம்தான். ஒரு நாளைக்கு ஒரு நிமிடம், அதற்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு. மதியம் ஒன்றரை மணி என்று வைத்துக்கொண்டார். அவள் அறிவிப்பை முடித்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நடக்கும் நேரம். முதலில் மைக் சுவிட்ச், 'டக்'. அறிவிப்பு ஓடும் நேரம் முழுக்க வெறும் நிசப்தம். பிறகு பஸ் நிலையத்தில் நாலைந்து பேர் கூட்டமாகச் சிரிப்பார்கள். எதற்கென்று அவருக்குத் தெரியாது. எங்கோ ஒரு பஸ் இரண்டு தரம் ஹாரன் அடிக்கும். அப்புறம்தான் சுவிட்சை அணைக்கும் 'டக்'. 'மறதிக்காரி, சுவிட்சை அணைக்காமல் இன்னும் வாய் விட்டுக்கொண்டிருக்கிறாள்' என்று சிரித்துக்கொள்வார். அதன்பின் இடது கால் செருப்பு தேய்ந்துகொண்டு போகும்.

தினமும் கேட்டார். முப்பத்தொரு வருடம். சிரிப்பைக் கேட்டார், ஹாரனைக் கேட்டார், அதற்கு நடுவில் இருந்ததைத்தான் கேட்கவில்லை. இத்தனை லட்சம் பேர் இருக்கிற ஊரில் ஒருத்தராவது வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று இப்போது பலகையில் உட்கார்ந்து ஆத்திரப்பட்டார். ஆத்திரம் நாலு நிமிடம்கூட நிற்கவில்லை. யார் சொல்வார்கள்? விக்கல் எடுத்தால் கேட்கிற ஆளிடம் போய், லவுட்ஸ்பீக்கரில் சொன்னதைக் கேட்டீர்களா என்று எந்தப் பைத்தியக்காரன் விசாரிப்பான்?

வீட்டுக்குப் போனார். ஒரு ஆள் வீடு. ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தம்ளர். அலமாரி அடியில் இருந்த தகரப் பெட்டியிலிருந்து கேசட்டையும் டேப் ரெகார்டரையும் எடுத்தார். புது பேட்டரி போட்டார். அடைத்தது பழைய காது. இப்போது கேட்பது கருவி. கருவிக்கு என்ன தெரியும், யார் குரலை விட வேண்டும், யார் குரலை விடக் கூடாது என்று? இந்த ஒரு நம்பிக்கையில் பொத்தானை அமுக்கினார்.

இரைச்சல் வந்தது. நாற்காலி கிரீச்சிட்டது. பக்கம் புரண்டது. தூரத்தில், இப்போது ஓட்டத்தில் இல்லாத ஏதோ ஒரு பழைய பஸ் உறுமியது. கருவியின் குமிழை முழுக்கத் திருகினார். டேப் ரெகார்டரைக் காதோடு வைத்து அழுத்தினார். கடைசியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பொத்தான் 'டக்' என்றது.

அவ்வளவுதான். அடைத்தால் அடைத்ததுதான்.

கொஞ்ச நேரம் அழுதார். வெகுநாளைக்குப் பிறகு தன் அழுகை தனக்கே கேட்டது, அது வேறு அசிங்கமாக இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டை மாற்றினார். கேட்காவிட்டால் போகிறது. முப்பத்தொரு வருடம் ஒருத்தி ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். ஊரில் இருக்கிற டிரைவர் எல்லாம் பதில் சொல்லியிருக்கிறான். அவர்தான் சொல்லவில்லை. போய்ச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு.

பஸ் நிலையத்தில் இயந்திரப் பெண் எந்த உணர்ச்சியும் இல்லாமல் நடைமேடை எண்ணைச் சொன்னாள். அவருக்கு அது சுத்தமாகக் கேட்டது. அவள் குரலை அடைத்த பிறகு முதல்முறையாகச் சரியான நடைமேடையில் சரியான நேரத்தில் ஏறினார்.

அவள் வீடு அவருக்குத் தெரியாததா? படி எத்தனை, எந்தப் படியில் விரிசல், தாழ்ப்பாள் எப்படி விழும், எல்லாம் காதாலேயே தெரிந்த வீடு. கண்ணால் பார்ப்பது இன்றைக்குத்தான். மூன்றாவது மாடி. மூச்சு வாங்க நின்று, கதவைத் தட்டினார்.

உள்ளேயிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. சொரசொரப்பான காகிதத்தைக் கசக்குவதுபோல ஒரு குரல்.

"யாரது?"

யாரோ வயதான உறவுக்காரி போலிருக்கிறது, தங்கையின் மாமியாராக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

"பஸ் ஸ்டாண்டுல வேலை பார்த்தாங்களே, அவங்க இருக்காங்களா?" என்றார்.

தாழ்ப்பாள் விழுந்தது. கதவைத் திறந்தது அவள்தான். தலை முழுக்க வெள்ளை. இளைத்திருந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துணி. அவரைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது.

"நீங்களா?" என்றது அந்தக் கரகரத்த குரல்.

அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பின்னால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, மூடி வைத்த ஒரு பாத்திரம். வேறு ஆள் இல்லை.

"உள்ள யாரு பேசறது?" என்றார்.

"உள்ள யாரும் இல்லையே. நான்தான்" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து, "கேக்குதா?" என்றாள்.

"கேக்குது."

"எப்படி? அடைச்சா அடைச்சதுதானே?"

"அது அடைச்சதுதான். இப்போகூட கேசட்டைப் போட்டுப் பார்த்துட்டுத்தான் வரேன். ஒண்ணும் இல்ல." அவர் தடுமாறினார். "இது அந்தக் குரல் இல்ல."

அவள் மெதுவாகக் கழுத்துத் துணியை விலக்கிக் காட்டினாள். குறுக்காக ஒரு தழும்பு. "நாலு வருஷம் ஆச்சு. கட்டின்னு சொல்லி அறுத்தாங்க. உயிர் இருக்கு, குரல் அங்கேயே போயிடுச்சு. அப்புறம் வந்தது இதுதான். எனக்கே பிடிக்கல. கடைக்காரன்கிட்டகூட விரலைக் காட்டித்தான் சாமான் வாங்கறேன்."

அவருக்குச் சந்தோஷப்படுவதா அலறுவதா என்று தெரியவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே பேசிய அந்தக் குரல் இனி இந்த உலகத்திலேயே கிடையாது. கேசட்டில் இருப்பதும் அவருக்குக் கிடையாது. ஊருக்கெல்லாம் கேட்டுத் தேய்ந்து போன ஒன்றை அவர் மட்டும் கேட்காமலே இழந்துவிட்டார். எதிரே நிற்கிற குரலோ யாரோ ஒரு அந்நிய மனுஷியுடையது. ஆனால் அதை அவர் அடைக்கவில்லை. அது வந்துகொண்டே இருந்தது.

உட்காரச் சொன்னாள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சது" என்றார். "ஒன்றரை மணி."

அவள் முகம் சிவந்துவிட்டது. அறுபத்து மூன்று வயதில். "யாரு போட்டுக் கொடுத்தது?"

"ஊருக்கே தெரியுமாம். ஏன் கேட்ட?"

"உங்களுக்குக் கேக்காதுங்கற தைரியத்துலதான் கேட்டேன்." அவள் மேசை விரிப்பின் ஓரத்தைச் சரி செய்துகொண்டே பேசினாள். "முதல் நாள் வாய் தவறித்தான் வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு டிரைவர் ஹாரன் அடிச்சாரு. சரி, யாரோ ஒருத்தர் பதில் சொன்னாங்களேன்னு இருந்துச்சு. கேட்டிருந்தா நீங்க இறங்கி வந்திருப்பீங்க. நீங்க இறங்கி வந்திருந்தா அங்க யாராவது கரண்டியால தட்டிக்கிட்டே செத்திருப்பாங்க. அதனால, நீங்க வர முடியாதபடிக்கு, தினம் கூப்பிட்டேன்."

சமையலறைக் குழாய் சொட்டியது. கீழே தெருவில் ஒரு பஸ் போனது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை ஆகப் போகிறது என்பதை இரண்டு பேருமே பார்த்தார்கள். பார்த்ததை இரண்டு பேருமே காட்டிக்கொள்ளவில்லை.

அவள் தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமல் பழையதுதான், மைக்குக்கு முன்னால் செருமுவது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் கரகரத்த, புதிய, உடைந்த குரலில், அறிவிப்பு மாதிரியே நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்.

"காதுக்காரரே, சாப்பிட்டாச்சா?"

"இல்ல" என்றார் அவர். "இன்னும் சாப்பிடல. ஒரு நாள்கூட ஒன்றரைக்குச் சாப்பிட்டதில்ல. அந்த டிரைவருங்க அத்தனை பேரும் பொய் சொல்லியிருக்காங்க."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பும் புதியதுதான், நடுநடுவே காற்றாகப் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து இன்னொரு தட்டு எடுக்க உள்ளே போனாள். எந்த டிரைவர் முதலில் ஹாரன் அடித்தார், அவர் ரிட்டயரான அன்றைக்கு மூன்று தரம் அடித்துவிட்டுப் போனது ஏன் என்று சொல்லிக்கொண்டே போனாள். இடது கால் செருப்பு தரையில் தேய்ந்தது. அவர் இரண்டையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.